நாமும் நாங்களும்: நாகர்கோவில் சிற்றிதழ்களை முன்வைத்து ஆசிரியர் குரல் பற்றிச் சில அவதானங்கள்

தமிழில் ஓர் இதழ் தன்னைக் குறித்துப் பேசத் தொடங்கும்போதே இரண்டு சொற்களுள் ஒன்றைத் தெரிவு செய்தாக வேண்டியிருக்கிறது. 'நாம்' என எழுதினால் வாசிப்பவரும் அதனுள் அடங்குவார். 'நாங்கள்' என எழுதினால் அவர் எதிரே நிறுத்தப்படுவார். அரபியின் 'நஹ்னு' இவ்வேறுபாட்டை அறியாது, ஆங்கிலமும் அறியாது. அண்டை மொழியான மலையாளம் அறியும். உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று இலக்கண நூலார் ஒரு வரியில் கடந்துவிடும் இச்செய்தி, இதழ் நடத்துவோருக்கு ஒவ்வோர் இதழிலும் ஒரு சோதனையாக வந்து நிற்கிறது. வாசகரை உடன் சேர்த்துக்கொள்ளும் உரிமை ஆசிரியருக்கு எங்கிருந்து கிடைக்கிறது? அவர் சேர்ந்துகொள்ள விரும்பாவிட்டால் என்ன செய்வது?

இதழொன்றின் குரலை அதன் தலையங்கத்தில் தேடுவதே நம்மிடையே வழக்கமாக இருந்துவருகிறது. தலையங்கமோ பெரும்பாலும் மற்றப் பக்கங்கள் யாவும் முடிந்தபின், அச்சகத்தார் அவசரப்படுத்தும் நேரத்தில் எழுதப்படுவது. அதில் ஆசிரியரின் கருத்து இருக்கும். குரல் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. எதை மறுத்துத் திருப்பி அனுப்பினார், தமக்கு உடன்பாடில்லாத எதை அச்சிட்டார், எந்தச் சொல்லுக்கு அடிக்குறிப்பு இட்டார், எந்தச் சொல்லை அப்படியே விட்டார், யாருடைய கடிதத்துக்கு இடம் தந்தார் என்பவற்றில்தான் அது கேட்கிறது. இவ்வளவுகோலைக் கையில் கொண்டு கன்னியாகுமரி மாவட்டத்தின் சிற்றிதழ் மரபை அணுகுவது பயன் தரும் எனக் கருதுகிறோம். அம்மரபைத் தனித்து நோக்காமல், அதே மண்ணில் அதே காலத்தில் முஸ்லிம் எழுத்து கடந்துவந்த பாதையோடு சேர்த்து நோக்கினால் நமது இதழ்களைப் பற்றியும் சில கேள்விகள் எழுகின்றன.

முதலில் இடத்தைப் பற்றி. நாஞ்சில்நாடு என்பது கண்டிப்பான பொருளில் தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரு வட்டங்களையே குறிக்கும். கல்குளமும் விளவங்கோடும் அதற்கு மேற்கே உள்ளவை. இந்நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1ஆம் நாள் திருவிதாங்கூரின் வழிவந்த மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தன. இலக்கிய வழக்கில் மாவட்டம் முழுவதையும் நாஞ்சில்நாடு என்று கூறிவிடும் பழக்கம் உண்டு. தக்கலைக்காரரும் தேங்காப்பட்டணத்தாரும் அதை ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் இரண்டு மணி நேரப் பயணம். சென்னையோ ஓர் இரவுப் பயணம். இத்தொலைவு இவ்வூரின் எழுத்தாளர்களுக்குக் குறையாக அன்றி ஒரு வசதியாகவே அமைந்தது. தலைநகரின் வார இதழ்களும் மேடைகளும் வளர்த்த தமிழ் இங்கே சற்றுத் தாமதமாகவே வந்து சேர்ந்தது. மலையாளத்தின் வார இதழ்களோ காலையிலேயே வந்துவிட்டன.

இவ்வூரில் இதழ் எனும் வடிவத்தை அதன் கடுமையான பொருளில் நிலைநிறுத்தியவர் சுந்தர ராமசாமி (1931-2005). எட்டு வயதுவரை கோட்டயத்தில் வளர்ந்தவர். பதினெட்டு வயதை எட்டும் காலத்தில்தான் தமிழை எழுதப் படிக்கக் கற்றார். இருபது வயதில், 1951இல், புதுமைப்பித்தனுக்கு ஒரு நினைவு மலரை வெளியிட்டார். தம் முதல் கதையையும் அம்மலரிலேயே சேர்த்தார். ஓர் இளைஞர் தாம் எழுதத் தொடங்குவதற்கும் பிறரது எழுத்தைத் தொகுத்து வெளியிடுவதற்கும் இடையே இடைவெளியே விடாமல் இறங்கியதை நாம் கவனிக்க வேண்டும். மலர் என்பது இதழன்று. அதற்கு அடுத்த இதழ் கிடையாது. இருப்பினும் யாரை முன்னோராக ஏற்பது என்ற தெரிவு அதில் இருந்தது. பின்னாளில் அவரது இதழில் கேட்ட குரலின் முதல் ஒலி அதுவே.

இடைப்பட்ட காலத்தில் அவர் பல இதழ்களில் எழுதியவர். தொ.மு.சி. ரகுநாதனின் 'சாந்தி', விஜயபாஸ்கரனின் 'சரஸ்வதி' ஆகிய இடதுசாரிச் சார்புள்ள இதழ்கள் அவரது கதைகளுக்கு இடமளித்தன. சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது அவ்வாண்டிலேயே பசுவய்யா என்ற பெயரில் கவிதையும் எழுதினார். 'எழுத்து' 1970வரை 119 இதழ்கள் வந்தது. இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று தொடக்கத்திலேயே அறிவித்துக்கொண்ட இதழ் அது. எண்ணிக்கையை மேலிருந்து வரையறுத்துக்கொள்ளும் அச்செயலை இன்று பலர் வீம்பு என்பர். அதை வாசகருக்குச் செய்யப்பட்ட ஓர் ஒப்பந்தமாகவே நாம் காண்கிறோம். இதற்கு மேல் வாசகரைத் திரட்டுவதற்காக எதையும் எழுதமாட்டோம் என்ற உறுதிமொழி அதில் இருந்தது. சந்தாவை நம்பி வாழும் இதழ், சந்தாதாரருக்கு அஞ்சாமல் இருப்பதற்கு இதைவிட எளிய வழி ஒருவேளை இல்லை.

நாகர்கோவிலைச் சுற்றி எழுபதுகளில் வேறு முயற்சிகளும் நடந்தன. வனமாலிகையின் 'சதங்கை' வந்தது. 1976இல் ராஜமார்த்தாண்டன் 'கொல்லிப்பாவை'யைத் தொடங்கினார். பின்னர் வேறு கைக்கு மாறியும் அது எண்பதுகளின் பிற்பகுதிவரை விட்டுவிட்டு வந்தது. ஜெயமோகனின் தொடக்கக் காலக் கவிதையொன்று 1987இல் அதில்தான் வெளியானது. சுந்தர ராமசாமியின் வீட்டில் கூடிய 'காகங்கள்' என்ற வாசிப்புக் கூட்டமும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது. படைப்பை வாசித்து, எழுதியவர் முன்னிலையிலேயே அதன் குறையைச் சொல்லும் பழக்கம் அங்கே பயிலப்பட்டது. ஓர் இதழுக்கு அச்சகம் தேவை, தாள் தேவை, அஞ்சல் சலுகைக்கான பதிவு தேவை. இவை யாவற்றுக்கும் முன்பாக, முகத்தாட்சண்யம் இல்லாமல் பேசிப் பழகிய பத்துப் பேர் தேவை. நமது சமூக இதழ்களில் பல முதல் மூன்றையும் பெற்றுவிட்டு நான்காவதைப் பெறாமலே தொடங்கப்பட்டவை.

1988இல் 'காலச்சுவடு' காலாண்டிதழாக வெளிவரத் தொடங்கியது. எட்டு இதழ்களோடு நின்றது. 1991இல் கனத்த ஓர் ஆண்டு மலர் வந்தது. பிறகு 1994இல்தான் அது வேறு கைகளில் மீண்டும் உயிர்பெற்றது. எட்டு இதழ்களை வைத்து ஒரு மரபைப் பேசலாமா என்று கேட்கலாம். பேசலாம் என்பதே நமது எண்ணம். நாவலாசிரியராக நிலைபெற்றுவிட்ட ஒருவர், 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) வெளிவந்து ஏழாண்டுகள் கழித்து, ஐம்பத்தேழாம் வயதை எட்டும் நேரத்தில் தொடங்கிய இதழ் அது. அந்நாவலிலேயே தமிழின் அறிவுச் சூழல் மீதான அவரது விசாரணை நடந்து முடிந்திருந்தது. நாவலின் கதாநாயகனை அவர் மலையாள எழுத்தாளனாகப் படைத்ததற்கும் காரணம் உண்டு. தமிழைத் தமிழுக்கு வெளியே நின்று பார்க்கும் இடம் அவருக்குத் தேவைப்பட்டது. இதழும் அதே இடத்தில்தான் நின்றது. தமிழ் வாசகரை 'நாம்' என்று அணைத்துக்கொள்ளும் அவசரம் அதில் இல்லை. வாசகர் தகுதி பெற்று உள்ளே வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. சிலருக்கு அது கண்டிப்பாகவும் சிலருக்கு அகந்தையாகவும் ஒலித்தது. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது.

தனியொருவரின் குரலையே இதழின் குரலாகக் கொண்டு நடப்பதில் ஒரு தூய்மை உண்டு. எதிலும் அவரது கை படும். எந்தச் சொல்லுக்கும் அவரே பொறுப்பு. அதே காரணத்தால் அவருக்கு ஓய்வு தேவைப்படும்போது இதழும் ஓய்ந்துவிடும். சிற்றிதழ்கள் பணமின்றி நிற்பதாகவே வரலாறு எழுதுவோர் கூறுகின்றனர். உரிமையாளரும் ஆசிரியரும் மெய்ப்புப் பார்ப்பவரும் அஞ்சல்தலை ஒட்டுபவரும் ஒருவராகவே இருக்கும் அமைப்பில் முதலில் தீர்வது பணமன்று, ஆள்தான்.

இவ்விடத்தில் இதே திருவிதாங்கூர் மண்ணின் பழைய நிகழ்வொன்றை நினைவுகூர்வது பொருத்தம். 1905இல் வக்கம் அப்துல் காதிர் மௌலவி 'சுவதேசாபிமானி' என்ற மலையாள இதழைத் தொடங்கினார். 1906இல் அதன் ஆசிரியர் பொறுப்பை நெய்யாற்றின்கரை கே. ராமகிருஷ்ண பிள்ளையிடம் ஒப்படைத்தார். உரிமையாளர் மார்க்க அறிஞர். கெய்ரோவிலிருந்து ரஷீத் ரிளா வெளியிட்ட 'அல்மனார்' இதழை ஊன்றிப் படித்தவர். ஆசிரியரோ வேறு சமயத்தவர். திருவிதாங்கூர் திவானின் ஆட்சியைக் கடுமையாகத் தாக்கி எழுதியவர். 1910 செப்டம்பர் 26ஆம் நாள் அரசு அச்சகத்தைப் பறிமுதல் செய்து ஆசிரியரை நாடுகடத்தியது. அவர் திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்டார். திருவனந்தபுரத்திலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் சாலை நாகர்கோவிலையும் ஆரல்வாய்மொழிக் கணவாயையும் கடந்துதான் செல்கிறது. அச்சகம் மௌலவியின் வாழ்நாளில் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை; 1932இல் அவர் காலமானார். ராமகிருஷ்ண பிள்ளை பின்னர் மலையாளத்தில் இதழியல் குறித்து ஒரு நூல் எழுதினார். தம் பொருளை இழப்பதற்கு ஆயத்தமாக இருந்து, ஆசிரியரின் பேனாவில் கைவைக்காத ஓர் உரிமையாளர் நம் சமூகத்தில், நம் எல்லைக்கு அப்பால் உள்ள ஊரில் வாழ்ந்தார். இச்செய்தியைக் கேரளத்து வாசகர்கள் அறிந்த அளவுக்குத் தமிழ் முஸ்லிம்கள் அறியாமலிருப்பது வியப்புக்குரியது.

மௌலவி 'முஸ்லிம்', 'அல் இஸ்லாம்', 'தீபிகா' என்று வேறு இதழ்களையும் நடத்தினார். அவற்றில் அவர் பேசியது தம் சமூகத்தோடு. 'சுவதேசாபிமானி'யில் பேசப்பட்டதோ நாட்டின் மக்கள் அனைவரோடும். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பவில்லை. ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடவுமில்லை. தமிழில் இத்தகைய இரட்டைப் பணியை 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை இலங்கையில் ஓரளவு மேற்கொண்டார். தமிழகத்தில் பா. தாவூத் ஷாவின் 'தாருல் இஸ்லாம்' தன் சமூகத்தாரின் எதிர்ப்பையும் கடந்து தனிக்குரல் ஒன்றைப் பல்லாண்டுகள் பேணியது. அவரது முடிவுகளில் பலவற்றை இன்று ஏற்க இயலாதவர்களும் அக்குரலை அடையாளம் காணத் தவறமாட்டார்கள். அதற்குப் பிந்தைய நமது இதழ்களில் எத்தனையைப் பற்றி இப்படிச் சொல்லமுடியும்?

1994க்குப் பிந்தைய 'காலச்சுவடு' வேறொரு கேள்வியை எழுப்புகிறது. சுந்தர ராமசாமியின் மகன் கண்ணனும் கவிஞர் மனுஷ்ய புத்திரனும் பொறுப்பேற்ற பின் இதழ் இலக்கியத்துக்கு வெளியேயும் கால் வைத்தது. நேர்காணல்கள் வந்தன; ஈழம் வந்தது; தலித்தியமும் பெண்ணியமும் விவாதிக்கப்பட்டன. 1995இல் பதிப்பகம் உருவாயிற்று. 2000 செப்டம்பரில் சென்னையில் 'தமிழ் இனி 2000' என்ற உலகளாவிய கருத்தரங்கம் நடந்தது. அதே ஆண்டில் ஆ.இரா. வேங்கடாசலபதியின் செம்பதிப்பாகப் புதுமைப்பித்தன் கதைகள் வெளிவந்தன. இருபது வயது இளைஞர் மலராகத் தொடங்கியது அரை நூற்றாண்டில் முறையான பதிப்புப் பணியாக முதிர்ந்தது என்று கொள்ளலாம். சல்மாவின் கவிதைத் தொகுதியும் 2000இல் இப்பதிப்பகத்திலிருந்தே வந்தது. 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்தது. இன்று 'காலச்சுவடு' நாகர்கோவிலிலிருந்து வெளிவரும் மாத இதழ்.

இவ்வளர்ச்சியை அதன் நிறுவனரின் எட்டு இதழ்களோடு ஒப்பிட்டுக் குறை கூறுவது ஒரு வாடிக்கையாகிவிட்டது. அதில் நமக்கு உடன்பாடில்லை. தனியொருவரின் கண்டிப்பு மட்டுமே தொடர்ந்திருந்தால் சல்மா போன்ற ஒருவருக்கு அங்கே கதவு திறந்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது. ஆனால் ஒன்று நேர்ந்தது. இதழின் 'நாங்கள்' வலுத்தது. நிறுவனமாகிவிட்ட இதழுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் கடமையும் வந்துவிடுகிறது. அதன்மீது விமர்சனம் எழும்போது விடையளிக்கும் வேகம் கூடுகிறது. விவாதம் என்பது சில வேளைகளில் வழக்காடலாகிவிடுகிறது. தொண்ணூறுகளின் இறுதியில் ஜெயமோகனும் நண்பர்களும் இதே மாவட்டத்தைக் களமாகக் கொண்டு 'சொல் புதிது' இதழை நடத்தியதற்கும், 2003இல் மனுஷ்ய புத்திரன் 'உயிர்மை'யைத் தொடங்கியதற்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு. இருந்தாலும் ஒரே வீட்டில் பல குரல்கள் குடியிருப்பது எவ்வளவு அரிது என்பதையும் அவை காட்டுகின்றன.

நாம் இதுவரை கூறியவற்றின் அருகே மற்றொரு வரலாற்றை வைக்க வேண்டும். 'காலச்சுவடு' தொடங்கப்பட்ட அதே 1988இல் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நூலாக வெளிவந்தது. தோப்பில் முஹம்மது மீரான் (1944-2019) தேங்காப்பட்டணத்துக்காரர். பள்ளிப் படிப்பை மலையாளத்தில் பெற்றவர். சுந்தர ராமசாமியைப் போலவே அவரும் பக்கத்து மொழியின் எழுத்துகள் வழியாகத் தமிழுக்குள் வந்தவர். ஆயினும் முதலாமவர் எழுதிச் செதுக்கிய தமிழ் எந்த ஊருக்கும் உரியதன்று. மீரானின் தமிழோ கடற்கரையின் ஒரு தெருவை விட்டு நகராதது. மலையாளமும் அரபியும் மீன்வாடையும் கலந்த அத்தமிழை எந்தப் பாடநூலும் தமிழென ஏற்றிராது.

அந்நாவல் நூலாவதற்கு முன் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்தது என்பதை இலக்கிய வரலாறுகள் ஒரு வரியில் குறித்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. நமக்கோ இதில்தான் செய்தி இருக்கிறது. வடக்குவீட்டு அஹமதுக்கண்ணு முதலாளியின் செருக்கையும் அதற்குத் துணைபோகும் ஊரையும், தங்களின் பெயரால் நடக்கும் ஏமாற்றையும், ஆங்கிலப் பள்ளி வேண்டாம் என்று மறிக்கும் அறியாமையையும் ஒளிவின்றிப் பேசும் நாவல் அது. அதை வெளியிட்டது பொதுத் தமிழின் முற்போக்கு இதழன்று, சிற்றிதழுமன்று. முஸ்லிம் வீடுகளுக்குள் செல்லும் ஒரு சமூக இதழ். உள்ளிருந்து எழும் விமர்சனத்தை உள்ளிருப்போரிடமே கொண்டு சேர்த்த அவ்விதழ், 'நாம்' என்ற சொல்லை அதன் முழுப் பொருளில் பயன்படுத்தியது. 'நமது ஊர் இப்படி இருக்கிறது' என்ற வாக்கியத்தைச் சமூக இதழ்தான் எழுதமுடியும். மற்றவர் எழுதினால் அது 'அவர்கள் ஊர்' என்றாகிவிடும். பின்னாளில் மீரானின் 'சாய்வு நாற்காலி' 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றபோது பெருமை கொண்டாடிய நமது இதழ்களில் எவையேனும் தொடக்கத்தில் அவரை அச்சிட்ட துணிவைப் பாராட்டினவா?

இதற்கு நேர்மாறான நிகழ்வு தக்கலையில் நடந்தது. ஹெச்.ஜி. ரசூல் (1959-2017) 'மைலாஞ்சி' என்ற கவிதைத் தொகுதியை 2000இல் வெளியிட்டார், அது சர்ச்சைக்குள்ளாயிற்று. 2007இல் இஸ்லாமும் மதுவும் பற்றி அவர் 'உயிர்மை'யில் எழுதிய கட்டுரையை அடுத்து அவரது ஜமாஅத் அவரை ஊர்விலக்கம் செய்தது. அக்கட்டுரையின் வாதங்களை நாம் ஏற்கவில்லை. மது குறித்த தடை படிப்படியாக இறங்கிய வரலாற்றை முஃபஸ்ஸிர்கள் மிகுந்த நுட்பத்தோடு விளக்கியிருக்கின்றனர். அப்படிநிலைகளைத் தனித்தனியே பிரித்து இறுதித் தடையின் வலுவைக் கேள்விக்குட்படுத்துவது முறையான வாசிப்பாகாது. இதைச் சொல்வதற்கு ஒரு மறுப்புக் கட்டுரை போதும். ஊர்விலக்கம் வாதத்துக்கு விடையாகாது. பீர் முஹம்மது அப்பாவின் 'ஞானப்புகழ்ச்சி' இன்றளவும் ஓதப்படும் ஊர் தக்கலை. சூஃபி ஞானியரின் சொற்களை அவற்றின் உட்பொருள் அறிந்து கேட்கும் பயிற்சி பெற்ற ஊரில், ஒரு கவிஞரின் சொற்களைக் கேட்கும் பொறுமை அரிதாகிப்போனது.

நமது அக்கறை இங்கே ஜமாஅத்தைப் பற்றியதன்று, இதழ்களைப் பற்றியது. ரசூலின் கட்டுரை ஏன் பொது இதழில் வந்தது? அதற்கு உரிய மறுப்பு ஏன் அறிவார்ந்த வடிவில் நம் இதழ்களில் போதிய அளவு எழவில்லை? சமூக இதழ்களின் ஆசிரியர்கள் இரண்டு வாசகர்களை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்து எழுதுகின்றனர். ஒருவர் உள்ளிருக்கும் வாசகர். மற்றவர் வெளியிலிருந்து நம்மைக் கவனிப்பதாக நாம் எண்ணிக்கொள்ளும் வாசகர். தொண்ணூறுகளுக்குப் பின் நாட்டின் அரசியல் நம்மீது சுமத்திய நெருக்கடிகளில் இரண்டாமவரின் நிழல் நீண்டுவிட்டது. விளைவாக இதழ்களின் இயல்பான தன்மைப் பன்மை 'நாங்கள்' என்றாயிற்று. நாங்கள் அப்படிப்பட்டவர்களல்லர், எங்கள் மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை என்று விளக்கமளிக்கும் குரல் அது. அதன் தேவையை மறுக்கமாட்டோம். ஆனால் ஆண்டு முழுவதும் சாட்சிக்கூண்டில் நின்று பேசும் ஒருவரால் தம் வீட்டாரோடு இயல்பாக உரையாட முடியாது. வீட்டுக்குள் பேசமுடியாதவர் தெருவில் பேசுகிறார்; தெருவில் பேசியதற்காக வீடு அவரை விலக்குகிறது. தக்கலையில் நடந்ததன் ஒரு பகுதி இது.

மாற்றுக் கருத்துக்கு இடமளிப்பது மேற்கத்திய இதழியல் நமக்குத் தந்த பழக்கம் என்ற எண்ணம் நம் அறிஞர்களிடையேகூட உண்டு. ஹிஜ்ரி 310இல் (கி.பி. 923) காலமான இமாம் தபரியின் தஃப்ஸீரைப் புரட்டியவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஒரு வசனத்துக்கு முன்னோர் கூறிய விளக்கங்களை, ஒன்றோடொன்று முரண்படுபவற்றையும், அறிவிப்பாளர் தொடரோடு வரிசையாகத் தருகிறார். அதன் பின்னரே இவற்றுள் ஏற்கத்தக்கது எது என்பதைத் தம் காரணங்களோடு கூறுகிறார். தாம் ஏற்காத கருத்தையும் அதன் முழு வலுவோடு வாசகர் முன் வைத்துவிட்டு அதன் அருகிலேயே தம் முடிவைச் சொல்வதில்தான் தபரியின் குரல் கேட்கிறது. மறுக்கப்பட்ட கருத்துகளை நீக்கிவிட்டு முடிவுகளை மட்டும் தொகுத்திருந்தால் நூல் சிறுத்திருக்கும், தபரியும் மறைந்திருப்பார். இதழாசிரியருக்கு இதைவிட உயர்ந்த முன்மாதிரி தேவையில்லை. 'அல்மனார்' உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த வாசகர் வினாக்களுக்கு விடையளிக்கும் பகுதியால் தன் குரலைக் கண்டடைந்ததும் இதே மரபின் தொடர்ச்சி. கேள்வி கேட்பவர் சிலவேளை ஆசிரியரைச் சங்கடப்படுத்துவார். அச்சங்கடம் அச்சாகும்போதுதான் வாசகர் ஆசிரியரை நம்பத் தொடங்குகிறார்.

நாகர்கோவில் மரபிலிருந்து கற்கத்தக்க மற்றொன்றும் உண்டு. அது பிரதியைச் செம்மைப்படுத்தும் கலை. எம்.எஸ். என்று அழைக்கப்பட்ட, திருப்பதிசாரத்தைச் சேர்ந்த எம். சிவசுப்ரமணியன் (மறைவு 2017) இப்பணியை வாழ்நாள் பணியாகக் கொண்டிருந்தார். சுந்தர ராமசாமியின் நண்பர், தாமும் மொழிபெயர்ப்பாளர். பல எழுத்தாளர்களின் கைப்பிரதிகள் அவர் பார்வையைக் கடந்தே அச்சுக்குச் சென்றன. வாசகர் அறியாத பெயர் அது. அறியாமலிருப்பதுதான் அப்பணியின் இலக்கணம். எழுத்தாளரின் வாக்கியத்தைத் தம்முடையதாக்கிவிடாமல், அவரே இன்னும் கவனமாக எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பாரோ அப்படி ஆக்குவது எளிதன்று. ஓர் இதழின் குரல் எல்லாக் கட்டுரைகளிலும் ஒரே நடை கேட்பதில் இல்லை. அப்படிக் கேட்டால் ஆசிரியர் மற்றவர்களை விழுங்கிவிட்டார் என்று பொருள்.

முஸ்லிம் எழுத்தைச் செம்மைப்படுத்தும்போது இது மேலும் கூர்மையடைகிறது. வாப்பா, உம்மா, மய்யித்து, கபுர், மைலாஞ்சி போன்ற சொற்களுக்கு அடிக்குறிப்பு வேண்டுமா? பொது இதழ் அடிக்குறிப்பு இடுகிறது. நல்லெண்ணத்தோடுதான் இடுகிறது. ஆனால் அக்குறிப்பு இடப்பட்ட கணத்தில் இதழின் 'நாம்' யார் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. உம்மா என்று தாயை அழைப்பவர் அதற்குள் இல்லை. 'அமாவாசைத் தர்ப்பணம்' என்பதற்கு அதே இதழில் குறிப்பு இராது. சமூக இதழ்களின் குற்றம் இதற்கு எதிர்த்திசையில் நிகழ்கிறது. அங்கே வட்டாரச் சொல் அரபி மூலத்தின் சரியான ஒலிப்புக்குத் திருத்தப்படுகிறது: மய்யித்து 'மய்யித்' ஆகிறது, நோன்பு 'ஸவ்ம்' ஆகிறது, தொழுகை சிலவேளை 'ஸலாத்' ஆகிறது. தேங்காப்பட்டணத்துக் கிழவி பேசிய தமிழ் இரு பக்கத்திலும் இடமின்றி நிற்கிறது. இடலாக்குடியில் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874-1950) சீறாப்புராணத்துக்கு உரை எழுதியவர்; வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவே என்று வாதிடவும் முன்வந்தவர். அவருக்கு இந்த இடமின்மை நேரவில்லை. அவரது அவையில் இரு சாராரும் அமர்ந்திருந்தனர். இரு சாராருக்கும் ஒரே தமிழில் பேசினார்.

மீரானின் நாவல் இன்று பாடத்திட்டங்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் நூல் வடிவில் மட்டுமே அறியப்படுகிறது. 'முஸ்லிம் முரசு'வில் வெளிவந்த தொடரின் பக்கங்களை அந்நூலோடு வரிக்கு வரி ஒப்பிடும் ஆய்வு நமது பல்கலைக்கழக மாணவர் எவருக்கேனும் தலைப்பாக வாய்க்க வேண்டும். வட்டாரச் சொற்களில் எவை தொடரில் இருந்தன, எவை நூலில் மாறின என்பது அதில் தெரியவரும். அவ்வாய்வாளர் தொடரின் பக்கங்களை மட்டும் படியெடுத்துக்கொண்டு திரும்பிவிடலாகாது. அதே இதழ்களின் கடிதப் பக்கங்களையும் புரட்ட வேண்டும். தொடர் வெளிவந்த மாதங்களில் ஆசிரியர் எந்தக் கடிதத்தை வெளியிட்டார், எதற்கு விடையளித்தார், எதற்கு வெறுமனே நன்றி கூறினார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். பள்ளிவாசல் நூலகங்களிலும் பழைய சந்தாதாரர் வீட்டுப் பரண்களிலும் கிடக்கும் கட்டுகளைக் கறையான் முந்திக்கொள்வதற்குள் அப்பணி தொடங்கப்பட வேண்டும்.